செக்யூர் பூட்: 2011 சான்றிதழ்கள் காலாவதியானால் லினக்ஸ் பூட் ஆகுமா? சொந்தச் சாவி போடலாமா?

ஈதர்வேலன் (கேள்வி)

வணக்கம். கணினி எழும்போது ஒப்பமிட்ட நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டுக்காக, ஃபர்ம்வேரில் (மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை நிரலில்) மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 2026-இல் காலக்கெடு முடிகிறது. "அந்தத் தேதிக்குப் பிறகு லினக்ஸ் பூட்டே ஆகாது" என்கிறார்கள் ஒரு சாரார். "ஒன்றும் ஆகாது, விட்டுவிடு" என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டுமே பாதி உண்மை மாதிரிதான் தெரிகிறது.

நான் பார்த்துக்கொள்ளும் இயந்திரங்கள்: விண்டோஸ் 11-உம் டெபியனும் சேர்ந்து ஓடும் மடிக்கணினிகள், பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டு மறையாக்கம்) போட்டவை. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு டெஸ்க்டாப்பில் ஆர்ச். அதில் லக்ஸ் (லினக்ஸின் வட்டு மறையாக்கம்) போட்ட வட்டு, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு வழியாகத் தானாகத் திறக்கும். இன்னொன்றில் உபுண்டு, என்விடியா மாட்யூலோடு (கெர்னலில் ஏறும் டிரைவர்). அதில் சொந்தமாகக் கம்பைல் செய்த கெர்னலையும் ஓட்டவேண்டும்.

காலாவதி ஆனால் உண்மையில் எது உடையும்? முன்கூட்டியே எதைச் சரிபார்க்கவேண்டும்? ஆர்ச் டெஸ்க்டாப்பில் மைக்ரோசாஃப்ட் சாவிகளை முழுக்க எடுத்துவிட்டு என் சாவியை மட்டும் வைத்துக்கொண்டால் ஆபத்து உண்டா? "செக்யூர் பூட்டை அணைத்துவிடு" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

சாவிக்கொத்து (பதில்)

முதலில் யார் யாருக்கு அதிகாரம் கொடுக்கிறார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக விளங்கும். ஃபர்ம்வேரில் நான்கு மாறிகள். உச்சியில் பிகே, இது பெரும்பாலும் இயந்திரத்தைத் தயாரித்தவரின் சாவி. அதன் கீழே கெக். கெக்கை மாற்ற பிகே-யின் ஒப்பம் வேண்டும். கெக்கின் கீழே டிபி, டிபிஎக்ஸ். டிபி என்பது எதை ஓடவிடலாம் என்ற பட்டியல், டிபிஎக்ஸ் என்பது எதை ஓடவிடக்கூடாது என்ற பட்டியல். இந்த இரண்டையும் மாற்ற கெக்கின் ஒப்பம் போதும்.

காலக்கெடு முடிபவை மூன்று (பெயர்களில் வரும் சிஏ என்பது சான்றளிப்பாளரைக் குறிக்கும்). கெக்கில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் கெக் சிஏ 2011, முடிவு 2026 ஜூன் 24. டிபி-யில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சிஏ 2011, ஜூன் 27. விண்டோஸ் பூட்லோடருக்கான விண்டோஸ் புரொடக்‌ஷன் பிசிஏ 2011, அக்டோபர் 19. லினக்ஸுக்கு முக்கியம் நடுவில் இருப்பது. ஷிம்மில், அதாவது ஃபர்ம்வேர் முதலில் ஏற்றும் லினக்ஸின் சிறு இடைநிரலில், ஒப்பமிடுவது அதுதான். கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் ஆப்ஷன் ராமில் (கார்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) ஒப்பமிடுவதும் அதுதான்.

தேதி தாண்டியதும் பழைய ஷிம் நின்றுவிடாது. பூட் ஆகும் நேரத்தில் ஃபர்ம்வேருக்கு நம்பகமான கடிகாரம் கிடையாது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பத்து வருடம் பின்னால் போய்விடும். அதனால்தான் பெரும்பாலான ஃபர்ம்வேர்களுக்கு அடிப்படையான இடிகே2 நிரல், ஒப்பத்தைச் சோதிக்கும்போது சான்றிதழின் தேதியைப் பார்ப்பதே இல்லை. ஒரு சான்றிதழ் டிபி-யில் இருக்கும்வரை, டிபிஎக்ஸில் ஏறாதவரை, அது ஒப்பமிட்ட கோப்பு ஓடும்.

உடைவது வேறு இடத்தில். காலக்கெடு முடிந்த சாவியால் புதிதாக ஒப்பமிட முடியாது. இனி வரும் ஷிம்களில் மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சிஏ 2023-இன் ஒப்பம்தான் இருக்கும். உங்கள் டிபி-யில் அந்த 2023 சான்றிதழ் இல்லையென்றால், ஷிம்மை மேம்படுத்திய மறு பூட்டிலேயே ஃபர்ம்வேர் அதை மறுக்கும். புதிய நிறுவல் யூஎஸ்பியும் அதே காரணத்தால் எழாது. ஆக, பழையது ஓடிக்கொண்டிருக்கும், புதியது நுழையாது. பழைய ஷிம்மிலேயே தங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு ரத்து செய்யப்படும் நாளில் இரண்டு பக்கமும் அடைபட்டுவிடும். 2024 ஜனவரியில் வந்த ஷிம் 15.8 சரிசெய்த ஓட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்று தெரியும்.

இப்போது சரிபார்க்கவேண்டியது. லினக்ஸில் மோக்யூட்டில் கட்டளையை டிபி விருப்பத்தோடு ஓட்டி, வெளியீட்டில் "மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சிஏ 2023" என்ற பெயர் வருகிறதா பாருங்கள். கெக் விருப்பத்தோடு ஓட்டி "கெக் 2கே சிஏ 2023" வருகிறதா பாருங்கள். ஆப்ஷன் ராம்களுக்கு இப்போது தனியாக "ஆப்ஷன் ராம் யூஇஎஃப்ஐ சிஏ 2023" என்று ஒன்று உண்டு, அதையும் தேடுங்கள். பிறகு, பூட் கோப்புகளுக்கான இஎஸ்பி பகிர்வில் இருக்கும் ஷிம் கோப்பின் மேல் எஸ்பிவெரிஃபை கட்டளையை லிஸ்ட் விருப்பத்தோடு ஓட்டினால் எந்தச் சாவி ஒப்பமிட்டது என்று தெரியும்.

2023 சான்றிதழ்கள் இல்லையென்றால், லினக்ஸில் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் கருவியான எஃப்டபிள்யூயூப்டி-யின் 2.0 வரிசையில் புதிய பதிப்பைப் போட்டு ரெஃப்ரெஷ் செய்து, புதுப்பிப்புகளைக் கேளுங்கள். டிபி, கெக் இரண்டும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு போலவே வரும். டிபி புதுப்பிப்பு எல்லா இயந்திரத்துக்கும் ஒன்றே, ஏனென்றால் அதில் இருப்பது மைக்ரோசாஃப்ட் கெக் 2011-இன் ஒப்பம். கெக் புதுப்பிப்புக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் பிகே-யால் ஒப்பமிட்டுத் தந்திருக்கவேண்டும். கைவிடப்பட்ட பழைய மாடல்களுக்கு அது கடைசிவரை வராமலே போகலாம். அப்படிப்பட்ட இயந்திரத்தில் டிபி-க்கு 2023 வந்துசேரும், ஆனால் கெக் 2023 ஒப்பமிட்ட புதிய ரத்துப் பட்டியல்கள் ஏறாது.

டூயல் பூட் மடிக்கணினிகளில் விண்டோஸும் இதைச் செய்யும். டிபி-யில் ஏற்கெனவே யூஇஎஃப்ஐ சிஏ 2011 இருந்தால் மட்டுமே அதற்கு இணையான 2023-ஐச் சேர்க்கும். சில புதிய மடிக்கணினிகளில் மூன்றாம் தரப்பு சிஏ தொழிற்சாலையிலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஃபர்ம்வேர் அமைப்பில் அதை நீங்கள்தான் இயக்கவேண்டும்.

எழுதும்போது "இடம் இல்லை" என்ற பிழை வந்தால், ஃபர்ம்வேர் மாறிகளைக் கோப்புகளாகக் காட்டும் ஈஎஃப்ஐவார்ஸ் அடைவில் டம்ப்-டைப்0 என்று தொடங்கும் கோப்புகள் குவிந்திருக்கிறதா பாருங்கள். கெர்னல் விழும்போது ஃபர்ம்வேர் நினைவகத்தில் எழுதிவைத்த பதிவுகள் அவை, அழிக்கலாம். அந்த அடைவில் வேறு எதையும் தொடவேண்டாம்.

கற்பாறை (பதில்)

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஃபர்ம்வேர் அமைப்பில் "தொழிற்சாலைச் சாவிகளை மீட்டமை" என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதை இந்தக் காலகட்டத்தில் யோசிக்காமல் அழுத்தாதீங்க. இயங்குதளம் வழியாக 2023 சான்றிதழ் வந்திருந்தால் அது நடப்பு டிபி-யில் மட்டும்தான் இருக்கும். மீட்டமைக்கும்போது ஃபர்ம்வேர் தனக்குள் வைத்திருக்கும் மூலப் பிரதி திரும்பி வரும், அதில் 2011 மட்டும் இருக்கலாம். ஷிம்மும் விண்டோஸ் பூட் மேனேஜரும் ஏற்கெனவே 2023-க்கு மாறியிருந்தால் இரண்டுமே எழாது. முதலில் தயாரிப்பாளரின் புதிய ஃபர்ம்வேர் பதிப்பைப் போடுங்க, மூலப் பிரதியிலும் 2023 வந்துவிடும்.

பிட்லாக்கர் இருக்கும் மடிக்கணினிகளில் எதைத் தொடும் முன்பும் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்கணும், பாதுகாப்பை இடைநிறுத்தி வைக்கணும். காரணம் டிபிஎம்-இன் பிசிஆர் 7, பூட் அளவீடுகளைச் சேர்த்து வைக்கும் பதிவேடுகளில் ஒன்று. செக்யூர் பூட் இயக்க நிலை, பிகே, கெக், டிபி, டிபிஎக்ஸ் எல்லாம் அதில் அளந்து சேர்க்கப்படுது. டிபி-யில் ஒரு சான்றிதழ் கூடினாலும் மதிப்பு மாறும், டிபிஎம் சாவியைத் தராது. உங்க ஆர்ச் லக்ஸுக்கும் இதே கதிதான். பாஸ்ஃபிரேஸ் ஸ்லாட் ஒன்று உயிரோட இருக்கான்னு மாற்றத்துக்கு முன்னாடியே சோதிச்சுடுங்க. மாற்றி முடிச்ச பிறகு சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல் கொண்டு பழைய டிபிஎம்2 ஸ்லாட்டை அழிச்சு, பிசிஆர் 7-க்கு மறுபடி பதிவு செஞ்சால் போதும்.

தறியோசை (பதில்)

ஆர்ச் டெஸ்க்டாப் பற்றி. சொந்தச் சாவி போடுவது நல்ல முடிவு. மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களை முழுக்க எடுப்பதுதான் சிக்கல், அதற்குக் காரணம் உங்கள் கிராபிக்ஸ் கார்டு. திரையை எழுப்பும் நிரல் அந்தக் கார்டின் ஆப்ஷன் ராமில் இருக்கிறது, அதில் இருப்பது மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சிஏ-வின் ஒப்பம். அந்தச் சான்றிதழ் டிபி-யில் இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் அதை ஓட்டாது. திரை கருப்பாகவே இருக்கும். அமைப்புக்குள் போய்ச் சாவியைத் திரும்ப வைக்கவும் வழி தெரியாது. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் அதன் நிரல் ஃபர்ம்வேரின் பகுதி, இந்தச் சோதனைக்கு உட்படாது. இருந்தாலும் சில மடிக்கணினிகளில் வேறு உள் சாதனங்களுக்கும் ஒப்பமிட்ட நிரல் தேவைப்பட்டு, பூட்டே ஆகாமல் போனது உண்டு.

ஊகிக்கத் தேவையில்லை, பார்த்துவிடலாம். கெர்னலின் செக்யூரிட்டி அடைவில் டிபிஎம்0-க்குள் பயாஸ் அளவீட்டுப் பதிவு இருக்கும். டிபிஎம்2-டூல்ஸ் தொகுப்பின் ஈவன்ட்லாக் கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுங்கள். வெளியீட்டில் "பூட் சர்வீசஸ் டிரைவர்" வகை நிகழ்வு, பிசிஆர் 2-இல் இருந்தால், உங்கள் இயந்திரம் ஆப்ஷன் ராம் ஏற்றுகிறது என்று பொருள். அப்படியானால் மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களை விட்டுவைக்கவேண்டும், அல்லது அந்த ராம்களின் ஹேஷ்களை (கோப்பின் கைரேகை போன்ற எண்) மட்டும் டிபி-யில் சேர்க்கவேண்டும். ஹேஷ் வழி இறுக்கமானது. ஆனால் கார்டை மாற்றினாலோ அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலோ ஹேஷ் பொருந்தாது, திரும்பவும் கருந்திரைதான். நான் பரிந்துரைப்பது சான்றிதழை விட்டுவைப்பது.

செய்முறை இப்படி. முதலில் இப்போதுள்ள நான்கு மாறிகளையும் ஈஎஃப்ஐ-ரீட்வார் கொண்டு தனித்தனிக் கோப்பாக எடுத்து யூஎஸ்பியில் வையுங்கள். ஃபர்ம்வேர் அமைப்பில் பிகே-யை மட்டும் நீக்கினால் இயந்திரம் புதிய சாவிகளை ஏற்கும் செட்டப் மோடுக்குப் போகும். "எல்லாச் சாவிகளையும் அழி" என்ற தெரிவைத் தவிர்க்கவும், டிபிஎக்ஸும் சேர்ந்து போய்விடும். லினக்ஸுக்கு வந்து, சாவிகளைக் கையாளும் எஸ்பிசிடிஎல் கருவியில் ஸ்டேட்டஸ் கொடுத்து, செட்டப் மோட் இயங்குகிறது என்று உறுதி செய்துகொண்டு, கிரியேட்-கீஸ் ஓட்டுங்கள். சாவிகள் வார்-லிப்-எஸ்பிசிடிஎல் அடைவில் உருவாகும். அடுத்து என்ரோல்-கீஸ், மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களையும் சேர்க்கும் எம் விருப்பத்தோடு. எஸ்பிசிடிஎல்-இன் புதிய பதிப்பு இதில் 2023 சான்றிதழ்களையும் சேர்த்துவிடும். கெக்கும் இப்போது உங்கள் பிகே-யின் கீழ் என்பதால், தயாரிப்பாளரின் கெக் புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் தொல்லை ஒழிந்தது. ஈஎஃப்ஐவார்ஸ் கோப்பு மாற்ற முடியாதது என்ற பிழை வந்தால், அந்தக் கோப்பின் மேல் சிஹெச்அட்ர் கொண்டு ஐ கொடியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டவும்.

மறுதொடக்கத்துக்கு முன் ஒப்பமிடுங்கள். கெர்னல், பூட்லோடர் இரண்டும் நினைவில் இருக்கும். விட்டுப்போவது வேறு இரண்டு. ஒன்று, எஃப்டபிள்யூயூப்டி-யின் சொந்த ஈஎஃப்ஐ கோப்பு. இதில் ஒப்பம் இல்லாவிட்டால் அடுத்த ஃபர்ம்வேர் புதுப்பிப்பு காரணம் சொல்லாமல் தோற்கும். இரண்டு, சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடரின் மூலப் பிரதி. இஎஸ்பி-யில் இருக்கும் பிரதிக்கு மட்டும் ஒப்பமிட்டால், அடுத்த பூட்சிடிஎல் புதுப்பிப்பு ஒப்பமில்லாத கோப்பைக் கொண்டுவந்து அதன் மேல் எழுதிவிடும். மூலக் கோப்புக்குப் பக்கத்திலேயே "சைன்டு" என்ற பின்னொட்டோடு ஒப்பமிட்ட பிரதி வைத்தால் பூட்சிடிஎல் அதையே எடுக்கும். ஒப்பமிடும்போது எஸ் விருப்பம் கொடுங்கள், ஆர்ச்சின் தொகுப்பு மேலாளரான பாக்மேனின் ஹூக் பிறகு தானாகவே பார்த்துக்கொள்ளும். எஸ்பிசிடிஎல் வெரிஃபை கொடுத்து எல்லாம் பச்சையா என்று பார்த்த பிறகே செக்யூர் பூட்டை இயக்கவும்.

இனிட்ராம்எஃப்எஸ் (வட்டு திறக்கும் முன் கெர்னலோடு ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) பற்றியும் சொல்லவேண்டும், இது பலர் நம்பி ஏமாறும் இடம். வழக்கமான விநியோகங்களில் ஷிம், கிரப் (பூட்லோடர்), கெர்னல் வரை ஒப்பச் சங்கிலி உண்டு. இனிட்ராம்எஃப்எஸ் உங்கள் இயந்திரத்திலேயே உருவாவதால் அதில் ஒப்பம் கிடையாது. வட்டைக் கைக்கு எடுத்தவர் பூட் பகிர்வில் அதை மாற்றி வைத்தால், உங்கள் லக்ஸ் பாஸ்ஃபிரேஸைப் பிடிக்கலாம். செக்யூர் பூட் வாயே திறக்காது. சொந்தச் சாவி போடுவதன் உண்மையான பயன் இங்கேதான். கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கட்டளை வரி மூன்றையும் யூகிஃபை கொண்டு ஒரே யூகேஐ கோப்பாகக் கட்டி ஒப்பமிட்டால் அந்த இடைவெளி அடைபடும். யூகேஐ பெரிய கோப்பு. விண்டோஸ் வழக்கமாக உருவாக்கும் 100 எம்பி இஎஸ்பி போதாது. 1 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

தனிச்சாவி அதே இயந்திரத்தில் இருந்தால் ரூட் அனுமதி பெற்ற எவரும் எதிலும் ஒப்பமிடலாம். குறைந்தது ரூட் பகிர்வு முழுக்க மறையாக்கத்தில் இருக்கட்டும். ஃபர்ம்வேருக்கு நிர்வாகக் கடவுச்சொல்லும் போடவும், இல்லையென்றால் செக்யூர் பூட்டை யாரும் அணைத்துவிடலாம்.

ஈதர்வேலன்

மிக்க நன்றி. ஈவன்ட்லாக் பார்த்தேன், பிசிஆர் 2-இல் டிரைவர் நிகழ்வு இருக்கிறது, ஆகவே எம் விருப்பத்தோடுதான் போகிறேன். உபுண்டுவில் ஒரு கேள்வி பாக்கி. மோக் சாவி (ஷிம் நம்புவதற்காகப் பயனரே பதிக்கும் சாவி) ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது, என்விடியா மாட்யூல் ஏறுகிறது. அதே சாவியால் என் கெர்னலில் ஒப்பமிட்டால் கிரப் "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று நிறுத்திவிடுகிறது. எஸ்பிவெரிஃபை ஒப்பம் சரி என்கிறது. என்ன காரணம்?

கற்பாறை

சாவி சரிதான், அதன் பயன்பாட்டு எல்லைதான் தடுக்குது. உபுண்டு தானாக உருவாக்கித் தரும் மோக் சான்றிதழில் 1.3.6.1.4.1.2312.16.1.2 என்ற நீட்டிப்புப் பயன்பாட்டு எண் போட்டிருக்கும். "இந்தச் சாவி கெர்னல் மாட்யூல்களுக்கு மட்டும்"னு அர்த்தம். ஷிம் இந்த எண்ணைப் பார்த்தால் அந்தச் சாவியால் ஒப்பமிட்ட கெர்னலை ஏற்காது. வேணும்னே வெச்ச கட்டுப்பாடு அது, நல்ல கட்டுப்பாடும்கூட. மாட்யூல்களைக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் தானாக ஒப்பமிடணும்னா அந்தத் தனிச்சாவி கடவுச்சொல் இல்லாம வட்டில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் சாவியை வெச்சு யாரும் கெர்னலையே மாற்றிடக்கூடாது இல்லையா?

அதனால கெர்னலுக்குத் தனியா இன்னொரு சாவி உருவாக்குங்க. ஓபன்எஸ்எஸ்எல்-இல் ஆர்எஸ்ஏ 2048 போதும். 4096 சில ஃபர்ம்வேர்களில் தகராறு செய்யும். மேலே சொன்ன பயன்பாட்டு எண்ணைச் சேர்க்காதீங்க, தனிச்சாவிக்குக் கடவுச்சொல் போடுங்க. சான்றிதழை டிஇஆர் வடிவத்தில் எடுத்து மோக்யூட்டில் இம்போர்ட் கொடுங்க, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும், 10 நொடிக்குள்ள ஏதாவது ஒரு விசையை அழுத்தணும். தவறவிட்டால் இம்போர்ட் மறுபடி முதல்லேர்ந்து. அந்தத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பைத்தான் எடுத்துக்கும், அதனால தற்காலிகக் கடவுச்சொல்லில் எண்ணும் சிறிய எழுத்தும் மட்டும் வைங்க. பதிவான பிறகு எஸ்பிசைன் கொண்டு கெர்னலில் ஒப்பமிடுங்க, கிரப் ஏற்கும்.

மாட்யூல் ஏற்றும்போது "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"னு வந்தா அது வேற சிக்கல். ஓடும் கெர்னல் நம்பாத சாவியால் மாட்யூலில் ஒப்பமிட்டிருக்கு. மோக்யூட்டிலின் லிஸ்ட்-என்ரோல்டு வெளியீட்டையும், மோட்இன்ஃபோ காட்டும் ஒப்பமிட்டவர் பெயரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

சாவிக்கொத்து

டெபியன் மடிக்கணினிகளுக்காக ரத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில் பூட்ஹோல் ஓட்டை வந்தபோது கிரப்பின் பழைய பதிப்புகளை ஹேஷ் ஹேஷாக டிபிஎக்ஸில் ஏற்றவேண்டியிருந்தது. 32 கேபி-தான் இடம் என்ற கணக்கில் ஓடும் ஃபர்ம்வேர்களில் ஒரே ஓட்டை அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கியது. அதற்கு மாற்றாக 2021-இல் ஷிம்மில் எஸ்பேட் வந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தலைமுறை எண். "கிரப் இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் ஓட்டாதே" என்று ஒரே வரியில் ரத்து செய்யலாம்.

அதன் மறுபக்கம் 2024 ஆகஸ்டில் தெரிந்தது. ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு எஸ்பேட் அளவை உயர்த்த, டூயல் பூட் இயந்திரங்களில் பழைய ஷிம்கள் "எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்டு" என்று நின்றன. இதைச் சந்தித்தால்: செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டிலில் செட்-எஸ்பேட்-பாலிசி டெலிட் கொடுத்து ஒருமுறை மறுதொடக்கம் செய்து, ஷிம், கிரப் இரண்டையும் புதுப்பித்து, பிறகு செக்யூர் பூட்டை இயக்கவும். மீட்பு யூஎஸ்பியையும் அதே நாளில் புதிய படிமத்தால் எழுதிவிடுங்கள். ரத்துக்குப் பிறகு பழைய மீட்பு யூஎஸ்பி எழாது.

டிபிஎக்ஸ் புதுப்பிப்பை எஃப்டபிள்யூயூப்டி மறுத்து "இஎஸ்பி-யில் தடைசெய்யப்பட்ட கோப்பு இருக்கிறது" என்றால், அதைக் கட்டாயப்படுத்தித் தாண்டாதீர்கள். எப்போதோ நீக்கிய விநியோகத்தின் பழைய ஷிம் ஏதாவது அடைவில் கிடக்கும், அதை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

தறியோசை

கேள்வியில் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பெரிய விநியோகங்கள் இந்த மாற்றத்தைக் கடந்துவிடும். அடிபடுவது சிறியவை. ஷிம்முக்கு மைக்ரோசாஃப்ட் ஒப்பம் வாங்க, முதலில் ஷிம் மதிப்பாய்வுக் குழுவின் பொதுச் சோதனையில் தேறவேண்டும். யார் கம்பைல் செய்தாலும் பைட் மாறாத ஷிம் வரவேண்டும், ஒப்பச் சாவியை வன்பொருள் சாதனத்தில் வைத்திருக்கவேண்டும், மைக்ரோசாஃப்டிடம் கணக்குத் தொடங்க விலையுள்ள ஈவி சான்றிதழ் (நிறுவனத்தைத் தீர விசாரித்துத் தரப்படுவது) வேண்டும். தன்னார்வலர் நாலுபேர் நடத்தும் திட்டத்துக்கு இது மலை. ஓபன்பிஎஸ்டி போட செக்யூர் பூட்டை அணைத்தே ஆகவேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் யூஇஎஃப்ஐசைன் கருவி இருக்கிறது, ஆனால் ஒப்பமிட்டுச் சாவியைப் பதிப்பது பயனரின் வேலை. கிரப்பின் உரிமம் ஜிபிஎல் 3 என்பதால் மைக்ரோசாஃப்ட் அதில் நேரடியாக ஒப்பமிடுவதில்லை. பிஎஸ்டி உரிமத்தோடு ஷிம் என்ற இடைநிரல் வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே திறந்த இயங்குதளங்களுக்கு உண்மையான அடித்தளம், பயனர் தானே செட்டப் மோடுக்குப் போய்த் தன் பிகே-யைப் பதிக்கும் வசதிதான் என்பது என் உறுதியான கருத்து. அது உத்தரவாதமில்லாத வசதி. விண்டோஸ் 8 காலத்துச் சான்றளிப்பு விதி, எக்ஸ்86 இயந்திரங்களில் செக்யூர் பூட்டை அணைக்கவும் சாவியை மாற்றவும் வழி இருக்கவேண்டும் என்றது. விண்டோஸ் 10-இல் அணைக்கும் வழியைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். தயாரிப்பாளரின் பிகே மேலானது என்று நம்பவும் முடியாது. 2024-இல் வெளியான பிகேஃபெயில், "நம்பவேண்டாம்" என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவி பல நூறு மாடல்களில் பிகே-யாக விற்பனைக்குப் போனதைக் காட்டியது. உங்கள் இயந்திரங்களில் மோக்யூட்டிலை பிகே விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள்; "டூ நாட் டிரஸ்ட்" என்ற சொற்கள் வந்தால் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும், புதுப்பிப்பு இல்லையென்றால் உங்கள் பிகே-யைப் போடவும்.

புதிதாக இயந்திரம் வாங்கும்போது கையேட்டைத் தரவிறக்கி, பிகே-யை நீக்கும் தெரிவும், கோப்பிலிருந்து சாவி சேர்க்கும் தெரிவும் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். வெறும் "இயக்கு / அணை" மட்டும் இருந்தால் அந்த மாடலைத் தவிர்த்துவிடுங்கள்.